ஆரு சொன்ன மருமகன்?

அட்மின் ஆயிட்டியாம் மருமகன். உன்ட உம்மா கடப்படியில நிண்டு சொல்லிட்டுப் போறாள். எந்த ஒப்பீசு, என்ன சம்பளம் எண்டு கேட்டன். "இல்ல காக்கா, வாட்ஸ்அப் குறூப்புக்கு அட்மின்" எண்டாள். எனக்கு விளங்கினமட்டுக்கு, இருநூத்திச் சொச்சம் பேரு ராப்பகலா எழுதுறத நீ பாத்துக்கிட்டு இரிக்கோணும். சம்பளமில்ல, பென்சனுமில்ல, ஆனா ஏச்சு மட்டும் இரிக்கி. முந்தி இந்த ஊர்ல பள்ளிக்கு ஒரு மரைக்கார், தோணிக்கு ஒரு தண்டல், வட்டைக்கு ஒரு வட்டவிதானை. வட்டவிதானைக்கு வாய்க்கால் தெரியும். எந்தக் கண்டத்துக்குத் தண்ணி போச்சு, எவன் ராவுல வரம்ப வெட்டித் தன்ட பக்கம் திருப்பினான், எல்லாம் விரல் நுனியில வெச்சிருப்பாரு. நீ சொல்லு பாப்பம், உன்ட குறூப்புக்குள்ள நேத்து வந்து நிரம்பின செய்தி எந்த வாய்க்காலால வந்த?

முழிக்கிறாய். முழிக்கத்தான் வேணும்.

மாமாக்குப் போன் எண்டாலே புடிக்கா எண்டு நீ தேத்தண்ணிக் கடையில சொல்லித் திரியிறாயாம். ஆரு சொன்ன எண்டு கேக்காத, எனக்கும் குறூப் இரிக்கி, அது பள்ளி ஹவுலடியில நடக்குது. போன் புடிக்காட்டி நான் பைத்தியக்காரன். உன்ட வாப்பா சவூதியில இரிந்த காலத்துல உன்ட உம்மா கெசட்டுலதான் பேசி அனுப்புவாள். லீவுக்கு வந்து திரும்பிப் போற ஆளுக்கிட்டக் குடுத்துவிடுற. அறுவது நிமிசக் கெசட்டுல பாதி அழுகை, மிச்சத்துல பாதி பக்கத்து வளவுச் சேவல் கூவுற சத்தம். மறுகா கொமினிகேசன் வந்த. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிண்டு, மீட்டர் ஓடுறத ஒரு கண்ணால பாத்துக்கிட்டு, "சுகமா? சுகம். வெய்க்கிறன்." அவ்வளவுதான் குடும்பம். இப்ப உன்ட தம்பி கட்டார்ல சோறு தின்னுறத அவள் இஞ்ச அடுப்படியில இரிந்து பாத்து, "கறிக்குப் புளி காணாது போல" எண்டு சொல்லுறாள். இத வேணாமெண்டு எந்த வாயால சொல்லுற?

அத விடு. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை, போயா நாள். நீ அப்ப மடியில. சுமாத்ராவுல நிலம் குலுங்கினது நம்மட நேரத்துக்குக் காலத்தால ஏழு மணிக்குக் கிட்ட. கடல் நம்மட கரையில வந்து ஏறக்கொள்ள எட்டரைக்கு மேல. நடுவுல ஒண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாம நேரம் இரிந்திரிக்கி மருமகன். ஹவாய்த் தீவுல பசுபிக் சமுத்திரத்துக்குக் காவல் பாக்கிற நிலையத்துல, குலுங்கிக் கால் மணித்தியாலத்துல அறிவித்தல் எழுதிட்டாங்க. ஆனா இந்து சமுத்திரக் கரையில ஆருக்கு அடிச்சிச் சொல்லுற எண்டு அவங்கட கொப்பியில ஒரு நம்பருமில்ல. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, அங்கால காரைதீவு, நிந்தவூர் எண்டு கரையெல்லாம் போச்சு. அம்பாறை மாவட்டத்துல மட்டும் 10,000க்கு மேல மௌத்து. அண்டைக்கு ஒருத்தன்ட கையில உன்ட இந்தச் சாமான் இரிந்து, "கடல் வருது, ஓடு" எண்டு ஒரு வரி வந்திருந்தா, கரையோர ஒழுங்கைகள்ல பாதிச் சனம் வட்டைப் பக்கம் போய்ச் சேந்திரிக்கும். அதுனாலதான் சொல்லுறன், போனுக்கு நான் எதிரியில்ல.

2012 ஏப்ரல் 11இல திரும்ப சுமாத்ரா குலுங்கின. அண்டைக்கு அறிவித்தல் ஒழுங்கா வந்த. சனம் புள்ளையளத் தூக்கிக்கிட்டு மேற்கால ஓடின. கடல் வரல்ல. அதப் பொய்யெண்டு ஆருஞ் சொல்லல்ல, ஏனெண்டா சொன்னது ஆரு, என்னத்துக்குச் சொன்ன, எப்ப வாபஸ் வாங்கின எண்டு எல்லாத்துக்கும் ஆள் இரிந்த. இப்ப உங்கட குறூப்புக்குப் போயாவுக்குப் போயா வருதே, "இண்டைக்கு ராவு கடல் வருமாம், எல்லாருக்கும் பகிரவும்" எண்டு? பேரில்ல, திகதியில்ல, எந்த வருசத்துப் போயா எண்டும் இல்ல. நீங்களும் கும்புட்ட கை போட்டு அனுப்புறீங்க. நாளைக்கு உள்ளபடி வரக்கொள்ள நம்மட பொண்டுகள், "இதுவும் அந்தக் கததான்" எண்டு கிணத்தடியில மீன் கழுவிக்கிட்டு இரிப்பாளுகள். அந்தக் கணக்க ஆருக்கிட்டக் கேக்கிற?

சரி, சாவப் பத்திப் பேச்செடுத்ததால சொல்லுறன். பள்ளி ஸ்பீக்கர்ல ஜனாஸா அறிவித்தல் சொல்லக்கொள்ள காது குடுத்துக் கேட்டிரிக்கியா? மோதினார் மூச்சு வாங்க வாங்கச் சொல்லுவாரு. இன்ன ஒழுங்கையில வசிச்சவர், இன்னார்ட மகன், இன்னார்ட புருசன், இன்னார் இன்னாருக்கு வாப்பா, இன்ன மாஸ்டருக்கு மாமனார், இத்தின மணிக்கு இன்ன மையவாடியில நல்லடக்கம். முழுசாக் கேட்டு முடிய மௌத்தானவர்ட நாலு தலைமுறை தெரிஞ்சிரும். பெருமைக்குச் சொல்லுற எண்டு நினைக்காத. ஆதம்பாவா எண்டு இந்த ஊர்ல எத்தின பேரு? இஸ்மாலெவ்வை எத்தின? பட்டப்பேர் இல்லாட்டிக் கடிதம்கூட வீடு வந்து சேராத ஊரு இது. அதுனால ஒருத்தரச் சாகடிக்க முந்தி ஆளச் சரியாக் காட்டோணும் எண்டு முன்னோர் கண்டுபுடிச்ச ஏற்பாடு.

உங்கட குறூப்புல என்ன நடந்த? "ஆதம்பாவா காக்கா வபாத்." அவ்வளவுதான். கீழ நூறு பேரு இன்னாலில்லாஹி. ஒருத்தன் அவரு செஞ்ச தரும காரியங்கள எழுதிட்டான். இன்னொருத்தன் படத்தையும் தேடிப் போட்டுட்டான், வேற ஆதம்பாவாட படம். மௌத்தான காக்கா அசறு தொழுதிட்டு கடையில இஞ்சிப் பிளேன்டீ குடிச்சிக்கிட்டு இரிக்காரு. அவருக்கும் அனுப்பியிரிக்கீங்க. கண்ணாடி கொண்டு வராததால பக்கத்துல இரிந்த பொடியன வாசிக்கச் சொல்லியிரிக்காரு. வாசிச்சிக் கேட்டுட்டு, "பாவம், நல்ல மனிசன்" எண்டு சொல்லி துஆவும் ஓதிட்டாரு. அவருக்குத் தெரிஞ்ச ஆதம்பாவாவே பத்துப் பதினஞ்சு பேரு.

நீ சிரிக்கிறாய். அவர்ட மகள் சம்மாந்துறையில இரிந்து தலையில அடிச்சிக்கிட்டு ஓட்டோவுல வந்து இறங்கினாள். அவள் சிரிக்கல்ல.

இந்த நோய் வாட்ஸ்அப்பால வந்ததுமில்ல. 2011 ஆகஸ்ட் மாசம் கிறீஸ் மனிசன் வந்தானே, ஞாபகமிரிக்கா? உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கிட்டு, மதில் ஏறிப் பாஞ்சி, பொம்புளையளப் பிறாண்டிட்டு ஓடுறானாம். அப்ப உங்கட வாட்ஸ்அப் இஞ்ச வரல்ல. பட்டன் போன்தான், ஒரு கோல், ஒரு மெசேஜ். அதுக்கே கிழக்கு மாகாணம் முழுக்க நித்திர கொள்ளல்ல. பொத்துவில்ல பொலிசோட முட்டுப்பட்டு ஒரு உயிர் போச்சு. புத்தளத்துல ஒரு பொலிஸ்காரரச் சனமே அடிச்சிக் கொண்ட. இந்த ஒழுங்கையில உன்ட வாப்பா உலக்கையத் தூக்கித் தோள்ல வெச்சிக்கிட்டு ராவுராவாக் காவல். ஒரு நாள் சுபஹுக்கு முந்தி வெள்ள உடுப்போட ஒரு உருவம் மதிலோரமா வருது. "புடி" எண்டான் ஒருத்தன். ஆறேழு பேரு பாஞ்சி வளைச்சிட்டாங்க. லைட் அடிச்சிப் பாத்தா மோதினார், பாங்கு சொல்லப் போறாரு. அவரு கேட்ட கேள்வி எனக்கு இப்பயும் காதுல இரிக்கி: "வாப்பா, கிறீஸ் பூசினவன் தொப்பியும் போடுவானா?" அண்டைக்குப் பாங்கு பத்து நிமிசம் பிந்தின.

சொந்தக் கண்ணால கிறீஸ் மனிசனக் கண்ட ஒரு ஆள நான் தேடின தேட்டத்துக்கு, வெளிச்சம் புடிச்சிக்கிட்டு ஊசி தேடியிருந்தாக்கூடக் கண்டெடுத்திருப்பன். எல்லாருக்கும் கண்டது மச்சினன்ட கூட்டாளி. அந்தக் கூட்டாளியக் கேட்டா, அவனுக்கும் ஒரு மச்சினன் இரிக்கான்.

இப்பக் கிட்டத்து வயத்துல அடிச்ச கதைக்கு வாறன். காரைதீவுச் சந்தியால திரும்பி சம்மாந்துறை தாண்டிப் போனா அம்பாறை டவுன். நம்மட ஆக்கள் ரெண்டு தலைமுறையா யாவாரம் செய்யிற இடம். 2018 பெப்ரவரி 26 ராவு, அங்க நம்மட ஆளுட சாப்பாட்டுக் கடையொண்டுல, சாப்பிட வந்தவன்ட கறிக்குள்ள ஒரு வெள்ளக் கட்டி. மாவு கட்டிபட்டுக் கிடந்தா நம்மட வீட்டுல பொண்டாட்டிய ஏசிட்டுத் தின்னுவம். அங்க கத வேற. அதுக்கு முந்தியே பேஸ்புக்குல ஒரு கத உலாத்திக்கிட்டு இரிந்த: அம்பாறையில முஸ்லிம் மருந்துக் கடைக்காரர்ட 23,000 மலட்டுக் குளிசையப் பொலிஸ் புடிச்சிட்டாம் எண்டு. எந்தப் பொலிசும் அப்பிடிப் புடிக்கல்ல. ஆனா அத வாசிச்சவன் கண்ணுக்கு மாவுக் கட்டி மாவாத் தெரியுமா? "சிங்கள ஆம்புளையள மலடாக்க மருந்து போட்டிரிக்கான்" எண்டு சத்தம். சனம் கூடிட்டு. காசு மேசையில இரிந்த பொடியனச் சுத்தி நிண்டு கேக்கிறாங்க, போட்டியா, போட்டியா எண்டு. அவனுக்குச் சிங்களம் அரைகுறை. மாவப் பத்தித்தான் கோவிக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சி, தெரிஞ்ச சிங்களத்துல ஓமெண்டும் வராம இல்லையெண்டும் வராம ஒண்டச் சொல்லித் தலைய ஆட்டியிரிக்கான்.

அதுதான் வேணும். ஒருத்தன் போனத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு இரிந்தான். அந்தத் தலையாட்டு படமாகி வெளிய போச்சு. கட நொறுங்கின, வாகனம் எரிஞ்ச, பள்ளிவாசல உடைச்சாங்க.

ஒரு மாவுக் கட்டிக்கு மருமகன்.

அந்த மாதிரி ஒரு குளிசை உலகத்துலயே இல்ல எண்டு படிச்ச டாக்டர்மார் சொன்னாங்க. கடையில எடுத்த சாமான அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்பினாங்க. மலட்டு மருந்து ஒண்டுமில்ல, மாச்சத்துத்தான் எண்டு அறிக்கை வந்த. வரக்கொள்ள என்ன நடந்து முடிஞ்ச? தெல்தெனியப் பக்கம் ரோட்டுச் சண்டையில அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி மார்ச் 3இல மௌத்தாக, அதச் சாட்டி கண்டிப் பக்கம் கடையும் வீடும் பள்ளியும் எரிஞ்சிக்கிட்டு இரிந்த. அங்க கல்லெறிஞ்சவங்கட போனுக்குள்ள இந்தத் தலையாட்டுப் படமும் இரிந்த. 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம். அடுத்த நாள் பேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் அரசாங்கம் பூட்டின, ஒரு கிழமைக்கு மேல. ஞாபகமிரிக்கா, நீ அந்தக் கிழமை சோறு தின்னாத கோழி மாதிரித் திரிஞ்சாய்? பேஸ்புக் கொம்பனி மன்னிப்புக் கேட்டது 2020 மே மாசம். ரெண்டு வருசம் கழிச்சி. எரிஞ்ச கடைக்காரன் அந்த மன்னிப்ப எந்த றாக்கையில அடுக்குற?

பழியெல்லாம் போன்ட தலையில போட்டுட்டுப் போகவும் ஏலா. 2019 மே மாசம், ஈஸ்டர் குண்டுக்குப் பிறகு, குருநாகல் ஆஸ்பத்திரி டாக்டர் ஷாபி ஆயிரக்கணக்கான சிங்களப் பொம்புளையள மலடாக்கிட்டார் எண்டு கிளப்பினதுல முன்னுக்கு நிண்டது கடதாசியில அச்சடிச்ச பத்திரிகை, முதல் பக்கம். மனிசனப் புடிச்சி அடைச்சாங்க. குற்றம் நிக்கல்ல. 2022இல நிலுவைச் சம்பளம் 26 லட்சத்துக்கு மேல கைக்கு வந்த. நாட்டுல மருந்து இல்லாத நேரம் எண்டு அவ்வளவையும் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கக் குடுத்துட்டார். மலட்டுக் கத எத்தின குறூப்புக்கு வந்த, இந்தக் கத எத்தின குறூப்புக்கு வந்த எண்டு நீயே எண்ணிப் பாரு, நீதானே அட்மின்.

நோவு அதுல இல்ல எனக்கு. அவனுகள் ஆரு சொன்ன எண்டு கேக்காம எரிச்சானுகள், சரி. நாம கேக்கப் பழகின ஆக்கள். நோன்புப் பெருநாளுக்குப் பிறை கண்டா என்ன செய்யிற? ரெண்டு சாட்சி வேணும். எந்த ஊரு, எந்தத் திசை, என்ன நேரம், கொம்பு எந்தப் பக்கம் சரிஞ்சி இரிந்த எண்டு குறுக்குக் கேள்வி. கொழும்புப் பெரிய பள்ளிவாசல்ல இரிந்து முடிவு வருமட்டும் ரேடியோவுல முஸ்லிம் சேவையத் திறந்து வெச்சிக்கிட்டு, வட்டிலப்பத்த அடுப்புல ஏத்துறதா வேணாமா எண்டு உன்ட மூத்தும்மா தவிச்ச தவிப்பு எனக்குத் தெரியும். ஒரு நாள் முந்தி நோன்ப விடவா எண்டு தெரிஞ்சிக்க இவ்வளவு விசாரணை. ஒரு மனிசன்ட மானத்த வாங்க ஒரு விரல் போதுமாம்.

ஹதீஸ் ஒண்டு சொன்னா அத ஆரு ஆருக்கிட்டக் கேட்ட எண்டு சங்கிலி வேணும். நடுவுல ஒரு கண்ணி ஆளு பேர் தெரியாட்டி, மறதிக்காரன் எண்டு தெரிஞ்சா, தள்ளி வெச்சிருவாங்க. இமாம் புகாரி ஊர் ஊராத் திரிஞ்சி சேத்தது ஆறு லட்சம் எண்டு சொல்லுவாங்க, கிதாபுல எழுதினது ஏழாயிரத்துச் சொச்சம், அதுலயும் திரும்பத் திரும்ப வாறது இரிக்கி. அந்த மனிசன்ட கையில இந்தப் போன் இரிந்திருந்தா நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுக்கு மேல டிலீட். ஹுஜுராத் சூறாவுல செய்தி வந்தா விசாரிச்சிக்க எண்டு இரிக்கிறத, போன வெள்ளிக்கிழமையும் ஹஸ்ரத் குத்பாவுல சொன்னாரு. நீ முன் சப்புல இரிந்து தலையாட்டினாய், கண்டன். பள்ளி வாசல்ல செருப்பப் போடக்கொள்ள உன்ட விரல் வேலையத் தொடங்கிட்டு. "வந்தபடி அனுப்புறன்" எண்டு மேல ஒரு வரி வேற. அது என்ன தலாக் மாதிரியா, ஒருக்காச் சொன்னாப் பொறுப்பு விட்டுப் போக?

இதுக்கெல்லாம் ஆரும் மருந்து போடாமலுமில்ல. ஒரு செய்திய ஒரே தரத்துல அஞ்சு இடத்துக்கு மேல அனுப்பேலாது எண்டு வாட்ஸ்அப்காரன் 2019இல உலகம் முழுக்கக் கட்டினான். அடுத்த வருசம், கொரோனாக் காலத்துல, கை மாறிக் கை மாறி வந்ததெண்டா ஒரு இடத்துக்குத்தான் எண்டான். நீ என்ன செஞ்சாய்? கொப்பி பண்ணி ஒட்டி அனுப்பினாய். அரசாங்கம் 2024 ஜனவரியில நிகழ்நிலைக் காப்புச் சட்டம் போட்ட. எது பொய்யெண்டு பாக்க அஞ்சு பேரு கொண்ட ஆணைக்குழுவாம். அரசாங்கத்துக்குப் பொய்யாத் தெரியிறதெல்லாம் பொய்யெண்டு ஆகிட்டா நம்மட பாடு என்ன எண்டு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், அந்த அஞ்சு பேரும் எங்கட ஒழுங்கைக்கு வந்து எந்த ஆதம்பாவா எண்டு கண்டுபுடிக்கவா போறாங்க? இனிக் குரலையும் முகத்தையும் செஞ்சே விடுறானாம், நான் பேசாதத நான் பேசினதாக் காட்டுவானாம். மோதினார்ட குரல்ல என்ட மௌத்து அறிவித்தல் வந்தாலும் வரும். வந்தா நம்பாத, முதல்ல கடப்படிக்கு வந்து "மாமா" எண்டு கூப்புடு. நான் சத்தம் காட்டாட்டி மட்டும் அழு.

புத்தி கேட்டு வரல்ல நீ, தெரியும், உன்ட உம்மா அனுப்பினதுனால வந்தாய். வந்ததுக்குக் கேட்டுட்டுப் போ. உன்ட குறூப்புல ஒருத்தன் செய்தி போட்டா, கீழ "ஆரு சொன்ன?" எண்டு கேளு. கோவிப்பான். கோவிச்சா, அவனுக்கும் தெரியா எண்டு அர்த்தம். ஊர்ச் செய்தியெண்டா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வா. உனக்கும் வயிறு முன்னுக்கு வந்துட்டு, நல்லதுதான். அடுத்தது, ராவு பன்னிரண்டு மணிமட்டும் போன்ல பாத்துச் சிரிக்கிற நேரத்துல ஒரு மணித்தியாலம் சிங்களம் படி. அம்பாறைக் கடையில அந்தப் பொடியனுக்கு ஒரு ஒழுங்கான வசனம் வாயில இரிந்திருந்தா, "இது மாவு மஹத்தயா, வேணுமெண்டா நான் தின்னுறன்" எண்டு சொல்லித் தின்னு காட்டியிரிப்பான். எரிக்க வந்தவன் அதுக்கும் எரிச்சிரிப்பான் எண்டு சொல்லுவாய், இரிக்கும். ஆனா அவன்ட படத்துக்கு ஒரு தலையாட்டு கிடைச்சிரிக்காது. அந்தக் கையில இரிக்கிற போன்லயே சிங்களம் சொல்லிக் குடுக்கிறானாமே, அத ஒரு நாளைக்காவது திறந்தியா?

மறுகா கடைசி வேலையொண்டு இரிக்கி, அட்மின் தம்பி. அந்த மாவு அறிக்கை 2018லயே வந்துட்டு. உன்ட குறூப்புக்கு அது வந்தத நான் ஒருத்தர்ட வாயாலயும் கேக்கல்ல. போனத் தா எண்டு நான் கேக்கல்ல, நீயே எடு. அம்பாறையில கறிக்குள்ள கிடந்தது மாவு, சொன்னது அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் எண்டு எழுது. தமிழ்ல ஒண்டு, சிங்களத்துல ஒண்டு. சிங்களம் எழுத வராட்டி அம்பாறையில உன்னோட வேல செஞ்ச அந்தச் சிங்களப் பொடியன்ட நம்பர் இரிக்கில்லையா, அவனுக்கு ஒரு கோல் அடி. இப்பவே அடி, நான் பாத்துக்கிட்டு இரிக்கன்.